தூங்குபவரே நோயாளி

தூக்க ஆய்வு நிலையம் காலை பத்து மணிக்குத் திறக்கும், மாலை ஐந்து மணிக்கு மூடும். நடுவில் சாப்பாட்டு இடைவேளை உண்டு. தூங்க வருகிறவர்கள் அதற்குள் தூங்கி முடித்துவிட வேண்டும். "ராத்திரியிலதானேங்க மனுஷன் தூங்குவான்?" என்று ஆரம்ப காலத்தில் விவரம் கெட்ட ஒருவர் கேட்டாராம். "ராத்திரி எங்க ஆளுங்க தூங்கணுமே" என்று பதில் வந்ததாம். நியாயம்தானே? அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் இஸ்திரி அக்கா போய் மாட்டிக்கொண்ட கதை இது.

இஸ்திரி அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. கட்டில் விரிப்புகளை நீராவி இஸ்திரி மெஷினில் விரித்துக் கொடுக்க வேண்டும், மேல்தட்டு இறங்கி அழுத்தும், எடுக்க வேண்டும். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தில் அப்படி ஒரு களைப்பு. பிறந்ததிலிருந்தே யாருக்கோ மூத்தவளாக இருந்து அலுத்துப்போன முகம் அது.

ஒரு நாள் நின்றபடியே அவளுக்குக் கண் அசந்துவிட்டது. மேல்தட்டு இறங்கியது, இறங்கியபடியே இருந்தது. விரிப்பு கருகிப் புகைந்த பிறகுதான் முழித்துக்கொண்டாள். கை மயிரிழையில் தப்பியது. மேற்பார்வையாளர் ஓடி வந்தார். நல்ல மனிதர், ஆனால் மேலதிகாரிகளுக்குப் பயப்படுகிறவர்.

"அக்கா, இன்னைக்குத் துணி போச்சு. நாளைக்குக் கை போகும். தூக்க நிலையத்துக்குப் போய் உங்களுக்கு என்ன வியாதின்னு எழுதி வாங்கிட்டு வாங்க. வியாதின்னா துணி மடிக்கிற மேசைக்கு மாத்தி விடறேன். உக்காந்து பார்க்கிற வேலை."

"வியாதி இல்லைன்னு சொல்லிட்டா?"

"அப்போ வேலையில தூங்கினீங்கன்னு ஆயிடும். மேல இருக்கறவங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லுவாங்க. நான் என்னக்கா பண்ணட்டும்?"

அக்காவுக்கு வேறு வேலை தெரியாது. கொடுக்கவும் ஆளில்லை. எப்படியாவது ஒரு வியாதியோடு திரும்பி வருவது என்று முடிவு செய்தாள்.

பசிக்கு ருசி தெரியாது, தூக்கத்துக்குப் பாய் தெரியாது என்பார்கள். அக்காவுக்கும் பாய் ஒரு பிரச்சினையே இல்லை. கதவுதான் பிரச்சினை. அவள் தூங்குவது கோழித்தூக்கம். தெருவில் எந்த வீட்டுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலும் "யாரு?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அதற்குப் பிறகு விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அப்பா பகலில் தங்கமான மனுஷன். இருட்டிய பிறகு வருகிறவர்தான் வேறு ஆள். அவர் தாழ்ப்பாளை நீக்கும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எப்படி என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு வந்தால் ஒன்றுமில்லை, திரும்பிப் படுக்கலாம். மரத்தில் இடித்துக்கொண்டு டடக் டடக் என்றால், தம்பியை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டு வழியாக வெளியே போய்விட வேண்டும். வீட்டுக்குள் பாத்திரமும் கத்தலும் அடங்கும்வரை, சில நாள் விடியும்வரை, துவைக்கிற கல்லின் மறைவில் உட்கார்ந்திருப்பாள். தம்பி ஒருநாள்கூட முழித்ததில்லை. தோளில் எச்சில் ஒழுகத் தூங்குவான். அவனுக்குக் கட்டை என்று பெயர் வந்ததே அதனால்தான். வளர்ந்த பிறகு அவன் மர அறுப்புப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தது தலையெழுத்தின் வேடிக்கை.

நிலையத்தின் வாசலில் 'அமைதி' என்று பெரிய பலகை இருந்தது. அதன் தலைக்கு மேலேயே ஒலிபெருக்கி வைத்து டோக்கன் எண்ணை அலறிக்கொண்டிருந்தார்கள். காவலாளி நாற்காலியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அக்காவுக்கு இடத்தின் மேல் ஒரு நம்பிக்கை வந்தது.

புதிய நோயாளிகளைக் கூடத்தில் உட்காரவைத்து இயக்குநர் வரவேற்புரை ஆற்றினார்.

"நம்ம மூளைக்குள்ள பாதாம் பருப்பு அளவுல ஒரு பகுதி இருக்கு. அதுதான் காவல்காரன். சின்ன வயசுல அடிபட்டு, பயந்து வளர்ந்தவங்களுக்கு அந்தக் காவல்காரன் வேலை முடிஞ்சும் வீட்டுக்குப் போக மாட்டான். உடம்பு தூங்கும், அவன் தூங்க மாட்டான். ஒரு சின்னச் சத்தம் போதும், ஆளையே எழுப்பி உக்காரவெச்சிடுவான்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரிடமும் சொல்லாத ஒன்றை யாரோ மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. அட, இதற்கு ஒரு பேர் இருக்கிறதா? இத்தனை வருஷமாகத் தனக்குத்தான் புத்தி சரியில்லை என்றல்லவா நினைத்திருந்தாள்?

"இதைக் கண்டுபிடிச்சது யாரு?" என்று இயக்குநர் குரலை உயர்த்தினார். "யார் யாரோ. ஆனா இதைச் சொல்றதுக்குன்னு ஒரு கட்டடம் கட்டினது யாரு? நாம! இந்த நிலையத்து மேல இன்னைக்கு வரைக்கும் ஒரு புகார் கிடையாது. புகார் வாங்குற ஜன்னலை நாங்க இன்னும் திறக்கவே இல்லைன்னா பார்த்துக்கங்களேன்!"

ஊழியர்கள் கைதட்டினார்கள். காவலாளி திடுக்கிட்டு எழுந்து அவரும் தட்டினார்.

சோதனை அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு மெஷின். தலையில் பசை தடவி ஒயர் ஒட்டுகிறவர் வந்தார். அவர் பேரை யாரும் சொல்லவில்லை, அக்கா மனதுக்குள் ஒயர்காரர் என்று வைத்துக்கொண்டாள். ஒட்டி முடித்ததும், "ம், தூங்குங்க" என்றார், 'உக்காருங்க' என்பதுபோல. வெளியே போய்க் கதவைச் சாத்தினார். இரும்புத் தாழ்ப்பாள். டடக்.

அக்காவுக்கு மெல்லக் கண் சொருகியது. டடக்! எழுந்து உட்கார்ந்தாள்.

"தூங்கலையா?" என்றார் ஒயர்காரர், தலையை மட்டும் உள்ளே நீட்டி.

"தூங்கிட்டுத்தாங்க இருந்தேன். நீங்க வந்தீங்க."

"தூங்குறீங்களான்னு அப்பப்போ பார்க்கணும்மா. அது விதி." குறித்துக்கொண்டார்: விழித்திருக்கிறார்.

மறுபடி சொருகியது. டடக்! "இப்போ?" மறுபடி குறித்துக்கொண்டார். மூன்றாம் முறை சொருகும்போது நடையில் ஒரே கூச்சல். 'அமைதி வாரம்' வருகிறதாம், அதற்கு ஒத்திகை. ஊழியர்கள் வரிசையாக நின்று "அமைதி காப்போம்! அமைதி காப்போம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனார்கள். கடைசியாகக் கொஞ்சம் அசந்தபோது ஒயர்காரர் வந்து தோளைத் தட்டி, "சாப்பாட்டு இடைவேளைம்மா, இப்போ தூங்கக் கூடாது" என்றார்.

"ஐயா, அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டிட்டா நான் தூங்கிடுவேன்."

"தாழ்ப்பாள் கட்டடப் பிரிவும்மா. நாங்க மூளைப் பிரிவு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

மாலையில் இயக்குநர் மெஷின் வரைந்த கோடுகளைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"தூங்கினாத்தானேம்மா உங்க தூக்கத்துல என்ன கோளாறுன்னு சொல்ல முடியும்? தூங்காம வந்து நின்னா நாங்க எதை ஆராயறது?"

"தூக்கம் நிலைக்கலைன்னுதானேய்யா வந்திருக்கேன்."

"புரியுது. ஆனா ரொம்ப நல்லாத் தூங்கிட்டாலும் வியாதி இல்லைன்னு ஆயிடும். அதையும் மனசுல வெச்சுக்கங்க."

"அப்போ நான் என்னதான்யா பண்ணணும்?"

"அளவாத் தூங்குங்க. வியாதி தெரியற அளவுக்கு."

அக்காவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. இயக்குநர் இன்னும் முடிக்கவில்லை. வரவேற்புரை கேட்ட தைரியத்தில், சின்ன வயதில் கஷ்டப்பட்டதாக அவள் சொன்னதை இன்னல் சரிபார்ப்புக் குழு ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு.

"இன்னல் குடுத்தவர் நேர்ல வந்து ஒப்புக்கிட்டா சுலபம்."

"அப்பா போய்ச் சேர்ந்துட்டாருங்க."

"போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்று அவர் வருத்தப்பட்டார். "சரி, கூட இருந்தவங்க யாராவது?"

"தம்பி இருக்கான்."

"கூட்டிட்டு வாங்க. அன்னைக்கே இன்னொரு தடவை தூங்கியும் பார்த்துடலாம்."

கட்டை லீவு போட்டுவிட்டு வந்தான். தலைமுடியெல்லாம் மரத்தூள். சலவைக்கூடத்து விஷயத்தை அக்கா சொன்னதும் கோபப்பட்டான், நிலையத்துக்குள் நுழைந்ததும் அடங்கிப்போனான். பெரிய கட்டடங்களைப் பார்த்தால் அவனுக்கு மரியாதை. சோதனை அறைக்குள் வந்து கட்டிலை அமுக்கிப் பார்த்தான்.

"இங்கயாக்கா தூங்கச் சொல்றாங்க?"

"ஆமாடா."

"பதமாத்தான் இருக்கு" என்று சும்மா ஒருக்களித்துப் பார்த்தான். அவ்வளவுதான். பேசிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்று, குறட்டை ஆரம்பித்துவிட்டது. அக்கா எழுப்பவில்லை. அவனை எழுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. விரிப்பை இழுத்து மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒயர்காரர் தட்டோடு வந்தார். முன்பு ஒருமுறை முழித்திருந்த ஒருவருக்கு ஒயரை ஒட்டி, அவர் நோயாளியின் மாமனார் என்று தெரிந்து பெரிய ரகளையாகிவிட்டதாம். அதிலிருந்து நிலையத்தில் ஒரு சுற்றறிக்கை: 'அறையில் தூங்குபவரே நோயாளி எனக் கொள்ளப்படும்.' ஒயர்காரர் கட்டிலைப் பார்த்தார், பசையை எடுத்தார்.

"ஐயா, நோயாளி நானுங்க" என்றாள் அக்கா.

"நோயாளி தூங்கணும்மா. நீங்க முழிச்சிருக்கீங்க. அப்போ நீங்க கூட வந்தவங்க."

"என்னைத்தாங்க போன தடவையும்..."

"உஷ்! நோயாளி தூங்குறாங்க."

மெஷின் வரைய ஆரம்பித்தது. ஒயர்காரர் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், வெளியே ஓடினார். கொஞ்ச நேரத்தில் எல்லாப் பிரிவு ஆட்களும் மெஷினைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். தாழ்ப்பாள் டடக் டடக் என்று அடித்தபடி இருந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா துள்ளினாள். கட்டை அசையவில்லை. திரையில் ஆழ்தூக்கத்தின் அலைகள் குன்று குன்றாக எழுந்து இறங்கின. பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்ததை நேரில் பார்த்த ஊழியர்கள் வாயைப் பிளந்தார்கள். இயக்குநருக்குக் குரல் தழுதழுத்தது.

"இந்த நிலையத்துல இப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததே இல்லை, நம்ம கணக்குப் பிரிவைத் தவிர."

பிற்பகலில் குழு கூடியது. மேசைக்குப் பின்னால் இயக்குநர், துணை இயக்குநர், மூன்றாவதாக ஒரு மூத்த உறுப்பினர். அவர் கண்களை மூடியிருந்தார். தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவரை எழுப்ப முடியாது என்பார்கள். அவர் எந்த ரகம் என்று அந்த நிலையத்தாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அக்காவும் கட்டையும் எதிரே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

இயக்குநர் முடிவை வாசித்தார். "நோயாளி மிகச் சிறப்பாகத் தூங்குகிறார். குறட்டை கம்பீரமாக உள்ளது. நோய் எதுவும் இல்லை."

"ஐயா, அது இவன் தூக்கம்" என்றாள் அக்கா. "என் தம்பி. அசதியில படுத்துட்டான்."

"மெஷின்ல உங்க பேரு இருக்கு. மெஷின் பொய் சொல்லாதும்மா."

"மெஷின் சொல்லலைங்க. ஒயர் ஒட்டினவர்..."

"சரி, உங்க தம்பின்னே வெச்சுக்குவோம்" என்றார் இயக்குநர், பெருந்தன்மையாக. "அப்போ உங்க நிலைமை இன்னும் மோசமாகுதே. ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே தாழ்ப்பாள். அதுல வளர்ந்தவர் இப்படித் தூங்குறார். அப்போ அந்த வீட்ல இன்னல்னு ஒண்ணு இருந்திருக்கவே முடியாது. நான் சொல்லலை, அறிவியல் சொல்லுது." கட்டையின் பக்கம் திரும்பினார். "நீங்கதானே சாட்சி? உங்க அப்பா ராத்திரியில கலாட்டா பண்ணிப் பார்த்திருக்கீங்களா?"

கட்டை நிமிர்ந்து உட்கார்ந்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "பார்த்ததில்லீங்க."

"தாழ்ப்பாள் சத்தம்?"

"கேட்டதில்லீங்க. எனக்கு அப்பாவைப் பகல்லதான் தெரியும். நல்லாத்தான் இருப்பார்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். துணை இயக்குநர் பேனாவைத் திறந்தார்.

"ஆனா ஒண்ணுங்க" என்றான் கட்டை, தனக்குத் தெரிந்ததையாவது சொல்லி உதவலாமே என்று. "தூக்க வியாதி எங்க குடும்பத்துலயே உண்டு. எனக்கே சின்ன வயசுல தூக்கத்துல நடக்கிற வியாதி இருந்துச்சு. வீட்டுக்குள்ள படுப்பேன், விடியும்போது பார்த்தா பின்கட்டுல துவைக்கிற கல்லு பக்கத்துல கிடப்பேன். மழைக்காலத்துல எல்லாம்கூட. நீ நடந்து வந்துட்டடான்னு அக்காதான்..."

அங்கே நிறுத்திவிட்டான். அக்காவைப் பார்த்தான்.

"அக்கா. நான் நடக்கலையா?"

அக்கா விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீராவி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன விரல்கள்.

"நீ எங்கடா நடந்த? உனக்கு அப்போ செருப்பு போடவே சோம்பல்."

"தூக்கிட்டுப் போனியா?"

"கனமாத்தான் இருந்த" என்றாள் அக்கா.

மூத்த உறுப்பினரின் மூச்சு மட்டும் கேட்டது. கட்டைக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. கட்டடத்தின் மேலிருந்த மரியாதையெல்லாம் போய்விட்டது. எழுந்து நின்றான்.

"எழுதிக்கங்கய்யா. அவ முழிச்சிருந்தா. அதான் நான் தூங்கினேன். ஊரே கூடி நின்னு என் தூக்கத்தை வாயைப் பொளந்து பார்த்தீங்களே, அது என் தூக்கமே இல்லை. அவ தூங்காத தூக்கம்."

துணை இயக்குநர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்குக் கட்டம் இல்லையே."

"உருக்கமா இருக்கு" என்றார் இயக்குநர், உண்மையாகவே. "ஆனா தூக்கத்துல நடக்கிறது வேற பிரிவு. நடக்காதது எந்தப் பிரிவுன்னு கேட்டுத்தான் சொல்லணும்."

அப்போது கதவு டடக் என்றது, யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள். அக்கா துள்ளி எழப்போனாள். கட்டை அதைப் பார்த்தான். அத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பார்த்தான். தேநீரை வெளியிலேயே வாங்கிக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பினான். கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து, தாழ்ப்பாளை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இனி யாரும் வர மாட்டாங்க. நீ உக்காருக்கா."

அக்கா உட்கார்ந்தாள். இயக்குநர் இன்னல் என்பதன் வரையறையை விளக்க ஆரம்பித்தார். விளக்கி முடிப்பதற்குள் அவள் தலை சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்து, தோளில் எச்சில் வழிய, சின்னப் பிள்ளை மாதிரி தூங்கினாள்.

"என்னம்மா இது? தீர்மானத்தை வாசிக்கணுமே. எழுப்புங்க அவங்களை" என்றார் இயக்குநர்.

"எழுப்பித்தான் பாருங்களேன்" என்றான் கட்டை. மரம் அறுக்கிறவனின் கை. யாரும் எழுப்பவில்லை.

மூத்த உறுப்பினர் மட்டும் கண்ணைத் திறந்து, "அஞ்சு ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

தீர்மானம் இப்படி எழுதப்பட்டது: 'நோயாளி குழுவின் முன்னிலையிலேயே தூங்கிக் காட்டினார். நோய் இல்லை என்பது ஐயமற நிறுவப்பட்டது.'

சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சிறப்பாத் தூங்குறீங்கன்னு போட்டிருக்கே அக்கா. அப்போ அன்னைக்கு எதுக்குத் தூங்கினீங்க? சரி விடுங்க. இன்னொரு துணி கருகினா என்னால காப்பாத்த முடியாது."

கருகவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கட்டை ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்கு வந்துவிடுவான். "கட்டை காவலுக்குப் போகுதாம், திருடன் வந்தா தலைக்கு வெச்சுப் படுத்துக்கலாம்" என்று அவன் பெண்டாட்டி சிரித்தாள். ஆனால் அவன் தூங்கவில்லை. கன்னத்தில் அறைந்துகொண்டும் கிள்ளிக்கொண்டும் முழித்திருக்கப் பழகினான். எங்கோ தாழ்ப்பாள் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வந்தால், "நான்தான்" என்பான். கொஞ்ச நாளில் அந்தக் குரலும் நின்றுபோயிற்று. "போதும்டா, நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்று அக்கா சண்டை போட்டுப் பார்த்தாள். "சின்ன வயசுல தூங்கினதே இன்னும் மிச்சம் கிடக்கு" என்றான்.

மிச்சம் தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஒரு நாள் பட்டறையில் அவன் அறுத்த பலகை கோணிக்கொண்டு போயிற்று. முதலாளி மெஷினை நிறுத்தினார். "கட்டை, இன்னைக்குப் பலகை போச்சு. நாளைக்கு விரல் போகும்" என்றார். எங்கே அனுப்பினார் என்று சொல்லவும் வேண்டுமா?

இயக்குநருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. முழித்திருக்கிறவர்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்பதில்லை.

"சின்ன வயசுல உங்களுக்கு என்ன இன்னல்?"

கட்டை யோசித்துப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன.

"ஒண்ணும் இல்லீங்க. எனக்கு அக்கா இருந்தா."

"இன்னல் இல்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் இயக்குநர். "அப்போ உங்களுக்குத் தூக்கம் கெட நியாயமே இல்லையே?"

நியாயம் இல்லைதான் என்று ஒத்துக்கொண்டு கட்டை வெளியே வந்தான். நடையிலிருந்த பெஞ்சில், அவனுக்குத் துணையாக வந்திருந்த அக்கா சுவரில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எதிரே சோதனை அறைக் கதவு டடக் டடக் என்று திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவள் இமைகூட அசையவில்லை. ஒயர்காரர் தட்டோடு வந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நோயாளி இவங்கதானே?"

"இவங்கதான்" என்றான் கட்டை. "மெதுவா ஒட்டுங்க. இப்பதான் தூங்குறா."

பெஞ்சில் இடமிருந்தது. அவன் உட்காரவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி அவள் காலடியில் நின்றுகொண்டான்.